சுவரில் ஆணியடித்த சட்டைத் துணி

முன்னறையிலிருந்து ‘சளக்... சளக்’ என்று சத்தம் கேட்டது.

சமையலறை மேசையில் பழைய செய்தித்தாளை விரித்துப் பூட்ஸுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த லாய்டு ஹம்மலின் கை அப்படியே நின்றது. அந்தச் சத்தம் அவனுக்குக் குழந்தையிலிருந்தே தெரிந்த சத்தம். அப்பாவின் துப்பாக்கி. அதன் லீவரைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் முதலில் கனமான ஓர் இரும்புச் சத்தம் வரும். அதற்குப் பின்னாலேயே சின்னதாக ஒரு கிணுகிணுப்பு. எப்போதோ தளர்ந்துபோன ஒரு திருகாணி. அப்பா கடைசிவரை அதை முடுக்கவில்லை.

இழுத்தது யார் என்பதும் லாய்டுக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே தோட்டா இருக்கிறதா என்று எல்லோரும் ஒரு தடவை பார்ப்பார்கள். இரண்டு தடவை பார்ப்பவன் இந்த மலையிலேயே ஒருத்தன்தான். ராணுவத்தில் கற்றுக்கொண்டு வந்த பழக்கம்.

“யாரு அவன உள்ள விட்டது?” என்றான், அடுப்பருகே நின்ற மனைவியிடம்.

“நான்தான்” என்றாள் நோரீன். வியாழக்கிழமை நன்றி நவிலல் விருந்தில் மிஞ்சிய வான்கோழியை நூடுல்ஸோடு சேர்த்துக் கிளறிக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “கதவத் தட்டினான், தெறந்தேன். அவன் ஒன் தம்பி. திருடன் இல்ல.”

“திருடன் தட்டிட்டு வரமாட்டான். அவ்ளோதான் வித்தியாசம்.”

“பேசு. நல்லாப் பேசு. அவன் பேரக் கேட்டாலே ஒனக்கு நெஞ்சு எரியுது. மாத்திர வாங்கி வாங்கியே மருந்துக்கடைக்காரன் புது லாரி எடுத்துட்டான்.”

லாய்டு பூட்ஸைக் கீழே வைத்தான். நாற்காலி முதுகில் அவனுடைய ஆரஞ்சு மேலங்கி தொங்கியது. அதன் பின்புறத்தில் வேட்டை உரிமச் சீட்டை நோரீன் காலையிலேயே ஊக்கு போட்டுக் குத்தி வைத்திருந்தாள். நாளை திங்கட்கிழமை. கொம்பு மான் வேட்டையின் முதல் நாள். மர ஆலைக்கு விடுமுறை, பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. விடிவதற்கு முன்னால் ஆண்களெல்லாம் மலைமேல் இருப்பார்கள், பெண்களில் பாதிப் பேரும். இன்று இருட்டுவதற்குள் லாய்டு மலைமேலுள்ள வேட்டை முகாமுக்குப் போய்ச் சேர வேண்டும். அப்பாவின் துப்பாக்கியோடு.

அந்தத் துப்பாக்கிதான் இப்போது தம்பி வெண்டலின் கையில் இருந்தது.

சட்டப்படி அது வெண்டலுடையது. பிப்ரவரியில் அப்பா எமெரி ஹம்மல் கண்ணை மூடினார். வக்கீல் உயிலைப் படித்தார். வீடு லாய்டுக்கு, ஓடைக்கரை நிலம் இருவருக்கும் பாதிப் பாதி. கடைசி வரியில் வந்தது துப்பாக்கி: ‘ஐம்பத்தொன்பதாம் வருஷம் பத்துக் கிளைக் கொம்பு மானைச் சாய்த்த மகனுக்கு.’ வக்கீல் கண்ணாடிக்கு மேலாக வெண்டலைப் பார்த்து, “அது நீங்கதானே?” என்றார். ஊருக்கே தெரிந்த விஷயம். வெண்டல் தலையைக் குனிந்துகொண்டான். லாய்டு ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்தான்.

ஒன்பது வருஷம் அப்பாவைக் குளிப்பாட்டியவன் லாய்டு. ஷேவ் பண்ணிவிட்டவன் லாய்டு. ராத்திரி அவர் இருமினால் எழுந்து ஓடியவன் லாய்டு. அத்தனை செய்தும் சாயந்தரமானால் அவர் வாசலைப் பார்த்துக் கேட்பது ஒன்றுதான்: “வெண்டல் வந்தானா?” வெண்டல் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை ஒரு பை ஆப்பிளோடு வருவான். அரை மணி நேரம் உட்காருவான். அந்த அரை மணி நேரத்தில் அப்பா சிரிக்கும் சிரிப்பு, ஒரு வாரம் முழுக்கச் சேர்த்துப் பார்த்தாலும் லாய்டுக்குக் கிடைத்ததில்லை.

வீடும் நிலமும் யாருக்கு வேண்டும்? சுவரில் இரண்டு மர முளையின்மேல் கிடந்த அந்தத் துப்பாக்கி ஒன்றைத்தான் லாய்டு தன்னுடையதாக நினைத்தான். பத்து மாதமாக அவன் அதைக் கொடுக்கவில்லை, வெண்டலும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்துவிடுவான் என்று நம்பிக்கொண்டிருந்தபோதுதான், வேட்டைக்கு முந்தின நாள் பார்த்து வந்து நிற்கிறான். அதுவும் போய்விட்டால் அப்பாவிடமிருந்து இந்த மூத்த மகனுக்குக் கிடைத்தது என்ன? ஒரு சட்டைத் துணி!

அந்தச் சட்டைத் துணியின் கதை இதுதான்.

ஐம்பத்தொன்பதில் லாய்டுக்குப் பதினாறு வயது, வெண்டலுக்குப் பதினாலு. முதல் நாள் காலையில் அப்பா தன்னுடைய துப்பாக்கியை மூத்தவனிடம் கொடுத்தார். சின்னவனுக்கு மாமாவிடமிருந்து இரவல். சகோதரர்கள் இருவரும் ஒரே ஹெம்லாக் மரத்தடியில் உட்கார்ந்தார்கள். சூரியன் மேட்டைத் தாண்டும் நேரத்தில் அந்த மான் வந்தது. தலையில் காய்ந்த புதரையே தூக்கிக்கொண்டு வருவதுபோல் வந்தது. இருவரும் ஒரே நொடியில் சுட்டார்கள். மான் நாலு எட்டு ஓடிச் சரிந்தது. உடம்பில் ஒரே ஒரு துளை.

அப்பா மூச்சிரைக்க ஓடிவந்தார். “யாருடா சுட்டது?”

“நான்!” என்று கத்தினான் வெண்டல்.

லாய்டு வாய் திறக்கவில்லை. திறக்க முடியவில்லை. இதுவரை கல்யாணம் பண்ணிக்கொண்டவளிடம்கூட அவன் சொல்லாத ரகசியம் அது: விசையை இழுத்த அந்த நொடியில் அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தான். பயம். கண்ணை மூடிக்கொண்டு சுட்டவன் எதை வைத்து உரிமை கொண்டாடுவான்?

மானைத் தவறவிட்டவனின் சட்டைப் பின்னோரத்தை வெட்டி முகாம் சுவரில் அடிப்பது அந்த மலையின் வழக்கம். விளையாட்டுத்தான். தவறவிடாத ஆள் கிடையாது. ஆனால் அன்று ராத்திரி விறகடுப்பைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர் சிரிக்க, அப்பா தன் மடக்குக் கத்தியால் லாய்டின் சிவப்புக் கட்டம் போட்ட கம்பளிச் சட்டையை வெட்டியபோது, கூடவே வேறு எதுவோ அறுபட்டது. ‘லாய்டு, 1959’ என்று மையால் எழுதி அடுப்புக்கு மேலே ஆணியடித்தார்கள். மறு வருஷம் அதற்குப் பக்கத்திலேயே பத்துக் கிளை மானின் தலையைப் பாடம் பண்ணி மாட்டினார்கள். கீழே பித்தளைத் தகட்டில் வெண்டலின் பெயர்.

அன்று பிடித்த நெருப்பு முப்பத்தைந்து வருஷமாக அணையவில்லை.

இருபது வயதில் லாய்டின் ஆள்காட்டி விரலில் இரண்டு கணுவை மர ஆலை ரம்பம் எடுத்துக்கொண்டது. விசை இழுக்கும் விரல் இல்லாதவன் வேண்டாமென்று ராணுவம் திருப்பி அனுப்பியது. வெண்டல் வியட்நாமுக்குப் போனான், பதக்கத்தோடு வந்தான், பள்ளிக்கூடத்தில் தச்சுவேலை வாத்தியார் ஆனான். ஊரில் பாதி வீடுகளில் அவன் சொல்லிக்கொடுத்துப் பிள்ளைகள் செய்த நாற்காலி கிடக்கிறது. லாய்டு அறுத்த பலகையில் செய்த நாற்காலி! அதை யார் நினைக்கிறார்கள்? போரில் செத்துப்போயிருக்கக்கூடிய ஒருத்தனைப் பார்த்து, போகாமல் பிழைத்தவன் பொறாமைப்பட்டான். நடுவிரலால் சுடப் பழகி, வருஷம் தவறாமல் மான் அடித்தும் வந்தான். எட்டுக் கிளை வரை அடித்திருக்கிறான். பத்து வரவே இல்லை.

இப்படி உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்தது, அப்பா போன இரண்டாவது மாதம், ஏப்ரலில் ஊர் நடுவில் பற்றிக்கொண்டது.

அப்போதுதான் ராணுவப் பாணித் துப்பாக்கிகளின் விற்பனையை நிறுத்தும் சட்டம் வாஷிங்டனில் விவாதத்தில் இருந்தது. ஊர் மக்களின் கருத்தைக் கேட்கத் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினர் தன் உதவியாளரை அனுப்பியிருந்தார். தீயணைப்பு நிலையக் கூடத்தில் மடக்கு நாற்காலிகள் போதவில்லை. கழுத்துப்பட்டை கட்டிய அந்த இளைஞன் காகித அட்டையோடு எழுந்து, “உறுப்பினர் உங்க பேச்சக் கேக்கணும்னுதான்...” என்று ஆரம்பித்தான்.

“அப்ப அவர் காது எங்க?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். கூடமே சிரித்தது.

முகாமின் தலைவன் கில்பர்ட் ஸ்ட்ரேயர் எழுந்தான். மரம் ஏற்றும் லாரிகள் வைத்திருப்பவன். அவன் எழுந்தாலே நாற்காலி நிம்மதியாக மூச்சு விடும். “நகரத்துல ஒருத்தன் ஒருத்தனச் சுட்டா, மலையில இருக்கற எங்கிட்ட என்னய்யா கேள்வி? எங்க ஊர்ல கடைசியாக் குண்டு பட்டுச் செத்தது யாரு தெரியுமா? மான்!”

“கில்பர்ட், நான் ஒண்ணு கேக்கறேன்” என்றாள் மருத்துவமனை நர்ஸ் ஒருத்தி. “ஒன் லாரியில ஒண்ணு வச்சிருக்கியே, முப்பது குண்டு போடறது. அதால மான் சுடக்கூடாதுன்னு நம்ம மாநிலத்துலயே சட்டம் இருக்கு. அப்பறம் எதுக்கு அது?”

“எதுக்குன்னு நான் ஒருத்தருக்குக் காரணம் சொல்லணும்னா அது என் உரிமை இல்ல, நர்ஸம்மா. அவங்க போடற பிச்சை.”

கைதட்டல். அது அடங்குவதற்குள் வெண்டல் எழுந்தான். கூடம் தானாகவே அமைதியானது. அதுதான் லாய்டுக்குப் பொறுக்கவில்லை. அவன் பேசத் தொடங்குமுன்பே கேட்கத் தொடங்கிவிடுகிறார்களே!

“எங்கிட்டயும் அது மாதிரி ஒண்ணு இருக்கு” என்றான் வெண்டல். “அலமாரியில. போருக்குப் போயிட்டு வந்து ரொம்ப நாள் கழிச்சு வாங்கினேன். ஏன் வாங்கினேன்னு கேக்காதீங்க, கை தேடிச்சு. அது என்ன பண்ணும்னு நான் பாத்திருக்கேன். மானுக்குப் பண்ணிப் பாக்கல, புரியுதா? அதுக்கு மேல சொல்ல மாட்டேன். மான் துப்பாக்கிய யாராவது தொட்டா நானும் உங்களோட நிப்பேன். ஆனா அதுவும் இதுவும் ஒண்ணுன்னு எங்கிட்ட சொல்லாதீங்க. அதக் கடையில விக்கறத நிறுத்தறாங்களா, நிறுத்தட்டும். என்னோடதப் பதிவு பண்ணச் சொன்னாலும் பண்ணுவேன்.”

ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ, “வாத்தியாரே, நீங்களுமா?” என்றார்கள்.

இதையேதான் லாய்டும் நினைத்தான். முந்தின வாரம் காலை உணவின்போது நோரீனிடம் சொன்னான்: “மானுக்கு ஒரு குண்டு போதும். முப்பது வேணுங்கறவன் வேட்டைக்காரனே இல்ல.” அதே வார்த்தையை இப்போது எழுந்து சொல்லியிருந்தால் அண்ணனும் தம்பியும் தோளோடு தோள் நின்றிருப்பார்கள். ஆனால் வெண்டல் முந்திக்கொண்டான். எப்போதும்போல முந்திக்கொண்டான்! அவன் சொன்னதை இவன் வழிமொழிவதா?

லாய்டு எழுந்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கூட்டத்தில் எழுந்தான்.

“என் தம்பி படிச்சவன்” என்றான். “நான் பலகை அறுக்கறவன். எங்கப்பா பிப்ரவரியில செத்தாரு. அவரோட துப்பாக்கி எங்க வீட்டுச் சுவர்ல இருக்கு. நம்ம ஊர்ல அப்பன் துப்பாக்கி மகன் கைக்கு வரதுக்கு ஒரு துண்டுக் காகிதம் கெடையாது. இன்னிக்கு அந்த முப்பது குண்டுத் துப்பாக்கியில கைவைப்பாங்க. நாளைக்கு எங்க வீட்டுச் சுவருக்கு வருவாங்க. அன்னிக்கு எங்கப்பா பேர எந்தப் பதிவேட்டுல தேடறது?”

கூடம் எழுந்து நின்றது. கில்பர்ட் ஓடிவந்து கட்டிப்பிடித்தான். ஐம்பத்தோரு வருஷத்தில் லாய்டுக்காக யாரும் கை தட்டியதில்லை. அந்தச் சத்தம் குளிரில் குடித்த விஸ்கிபோல வயிற்றுக்குள் இறங்கியது. கூட்டத்தின் ஓரத்தில் நோரீன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

செப்டம்பரில் சட்டம் நிறைவேறியது. அதே வாரம் முகாமில் விறகு வெட்டக் கூடியபோது கில்பர்ட், “நம்ம முகாம்ல படுத்துக்கிட்டே நமக்கு எதிராப் பேசறவன் நமக்கு எதுக்கு?” என்று கேட்டான். வெண்டலை உறுப்பினர் பட்டியலிலிருந்து எடுப்பதற்குக் கை தூக்கச் சொன்னான். எட்டுக் கைகள் எழுந்தன. எட்டில் ஒன்றுக்கு ஆள்காட்டி விரல் அரைகுறை.

அந்தக் கையை இப்போது துணியில் துடைத்துக்கொண்டு லாய்டு முன்னறைக்குப் போனான்.

வெண்டல் ஜன்னலோரம் நின்றிருந்தான். நீலக் கட்டம் போட்ட ஃபிளானல் சட்டை. தலையில் நரை கூடியிருந்தது. அதுகூட அவனுக்கு எடுப்பாகத்தான் இருந்தது. துப்பாக்கியின் குழலைத் தரையைப் பார்க்கப் பிடித்திருந்தான்.

“திருகாணிய இன்னும் முடுக்கலயா?” என்றான்.

“அப்பா முடுக்கல.”

“ஆமா. மான் இந்தச் சத்தத்தக் கேட்டா ஓடிடும்னு மாமா சொல்வாரே. அப்பா என்ன சொல்வாரு?”

“ரெண்டாவது தடவ சுடறவனுக்குத்தானே அந்தக் கவலைம்பாரு.” சொன்ன பிறகு லாய்டுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. சிரிக்க வைத்துவிடப் பார்க்கிறான்! “உறை அலமாரியில இருக்கு. எடுத்துக்கிட்டுப் போ. எண்ணெயெல்லாம் போட்டு வச்சிருக்கேன். பத்து மாசம் துடைச்சவன் நான், சுடப்போறவன் நீ. புதுசா என்ன?”

“எங்க போய்ச் சுடறது? முகாம்லேர்ந்து கடுதாசி வந்துச்சு. எட்டுக் கைன்னு கில்பர்ட் எழுதியிருந்தான்.”

“அதுல ஒண்ணு என்னோடது.”

“தெரியும், லாய்டு.”

கோபமே இல்லை அந்தக் குரலில். திட்டினால் என்ன? கத்தினால் என்ன? கத்தியிருந்தால் லாய்டும் கத்தியிருப்பான், இரண்டும் சமமாகிப்போயிருக்கும்.

கரண்டியோடு வாசலில் வந்து நின்றாள் நோரீன். “தெரியாதது ஒண்ணு இருக்கு, வெண்டல். அன்னிக்கு நீ கூடத்துல பேசினியே, அதத்தான் இந்த மனுஷன் ஒரு வாரம் முன்னாடி எங்கிட்டச் சொன்னான். முட்டையத் தின்னுக்கிட்டே. மானுக்கு ஒரு குண்டு போதும்னு.”

“நோரீன்!”

“என்ன நோரீன்? ஏழு மாசமா வாய மூடிக்கிட்டு இருக்கேன். பள்ளிக்கூடச் சமையலறையில முந்நூறு பிள்ளைங்களுக்குச் சோறு போடறேன். அதுங்க கூட அடுத்த தட்டுல என்ன விழுதுன்னு பாக்கறத அஞ்சாவது வகுப்போட விட்டுடுதுங்க.”

லாய்டின் முகம் காதுவரை சிவந்தது. வெண்டல் அண்ணனை ஏறிட்டுப் பார்த்தான். பிறகு துப்பாக்கியைச் சுவர் முளைகளின்மேல் திருப்பி வைத்தான். எடுத்துப் போகவில்லை! வைத்தான். சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து நீட்டினான்.

“கைய நீட்டு.”

லாய்டின் உள்ளங்கையில் ஈயத் துண்டு ஒன்று விழுந்தது. முன்பக்கம் காளான்போல விரிந்து நசுங்கிய, பழைய குண்டு. பின்பக்கம் மட்டும் அப்படியே வட்டமாக இருந்தது. பையிலேயே கிடந்து கிடந்து கூழாங்கல்போல வழவழத்திருந்தது.

“அடிப்பக்கத்தப் பாரு” என்றான் வெண்டல்.

லாய்டு பார்த்தான். தடித்த அடி. இழுப்பறையைத் திறந்து அப்பாவின் தோட்டாப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தான். மாமாவின் துப்பாக்கிக் குண்டு பென்சில்போல ஒல்லி. இது அப்பாவின் துப்பாக்கியிலிருந்து வந்தது. அந்தத் துப்பாக்கியால் அன்றைக்குச் சுட்டவன்...

“மானத் தோலுரிக்கறப்போ கெடச்சுது” என்றான் வெண்டல். “ஐம்பத்தொன்பதுல. மறு பக்கத் தோலுக்கு அடியில, என் விரல்ல தட்டுச்சு. அதுவரைக்கும் நான் சுட்டதுன்னுதான் நெனச்சேன். சத்தியமா. ஆனா அதுக்குள்ள அப்பா என்னத் தோள்ல தூக்கிக்கிட்டு முகாம் முகாமாக் காட்டிட்டு வந்தாச்சு. ஒன் சட்டைய வெட்டியாச்சு. எனக்குப் பதினாலு வயசு, லாய்டு. பையில போட்டுக்கிட்டேன். நாளைக்குச் சொல்லலாம்னு.”

“நாளைக்கு” என்றான் லாய்டு.

“போருக்கு இத எடுத்துக்கிட்டுப் போனேன். நான் செத்துட்டா என் சாமானெல்லாம் பொட்டியில போட்டு அனுப்புவாங்க. நீ பாப்ப, புரிஞ்சுக்குவ. நான் வாயத் தெறக்க வேண்டாம்னு நெனச்சேன். சாகல.” அவன் உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டான். “உயில்ல அப்பா என் பேர எழுதல, கவனிச்சியா? ‘சாய்த்த மகனுக்கு’ன்னு எழுதிட்டுப் போயிட்டாரு. ஒன் பேரு, என் பேரு, ரெண்டுல ஒண்ண எழுத எவ்ளோ நேரம் ஆகும்? அவருக்குத் தெரியுமோ என்னவோ. பத்து மாசமாத் தூங்கல நான்.”

நோரீன் கரண்டியை மேசைமேல் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். லாய்டு நாற்காலியில் உட்கார்ந்தான். உள்ளங்கையில் முப்பத்தைந்து வருஷம் கனத்தது.

“நான் கண்ண மூடிக்கிட்டுச் சுட்டேன்” என்றான், யாரும் கேட்காமலே.

“என்னது?”

“அன்னிக்கு. கண்ண மூடிக்கிட்டேன். அதான் வாயத் தெறக்கல.”

வெண்டல் திகைத்தான். பிறகு அடக்க முடியாமல் சிரித்தான். “கண்ண மூடிக்கிட்டா பத்துக் கிளைய அடிச்ச? தெறந்திருந்தா என்னய அடிச்சிருப்ப!”

லாய்டும் சிரித்தான். பதினாறு வயதுக்கும் பதினாலு வயதுக்கும் அப்புறம் இருவரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. ஆனால் சிரிப்பு எவ்வளவு நேரம்? அது அடங்கியதும் அடியில் பழைய கசப்பு அப்படியே கிடந்தது.

“நோரீன், கத்திரிக்கோல் இருக்கா?” என்றான் வெண்டல்.

அவள் எடுத்து வந்து கொடுத்தாள். அவன் சட்டையின் பின்னோரத்தைக் கால்சட்டையிலிருந்து உருவி முன்னால் இழுத்து, கை அகலத்துக்கு ஒரு துண்டை நறுக்கென்று வெட்டினான். மேசையில் கிடந்த பேனாவால் எழுதினான்: ‘வெண்டல், 1959.’ எழுத்து கோணிக்கொண்டு போனது. அதை லாய்டின் முழங்கால்மேல் வைத்தான்.

“முகாம்ல மாட்டிடு. ஒன்னோடத எடுத்து அடுப்புல போடு. தகட்டையும் கழட்டிடு. நானே பண்ணுவேன். என்னத்தான் உள்ள விடமாட்டாங்களே.”

எல்லாம் கிடைத்துவிட்டது. துப்பாக்கி. மான். அப்பாவின் கடைசி வரி. தம்பியின் சட்டைத் துணிகூட. முப்பத்தைந்து வருஷம் எதற்காக உள்ளுக்குள் வெந்தானோ அத்தனையும் இப்போது மடியில் கிடக்கிறது. லாய்டு சந்தோஷத்தைத் தேடிப் பார்த்தான். இருக்கவேண்டிய இடத்தில் அது இல்லை.

இன்று ராத்திரி அடுப்பருகே எழுந்து இதைச் சொன்னால் என்ன நடக்கும் என்று அவனுக்குத் துல்லியமாகத் தெரிந்தது. முதலில் யாராவது ஒருத்தன், “அடேயப்பா, தானா வந்து ஒத்துக்கிட்டானா? இந்த மனசு யாருக்கு வரும்?” என்பான். கில்பர்ட்டே தொப்பியைக் கழற்றுவான். அடுத்த வருஷம் வெண்டலை அவர்களே கூப்பிட்டு வருவார்கள். யாராவது, “லாய்டு, நல்லாச் சுட்டடா” என்பார்களா? கண்ணை மூடிக்கொண்டு சுட்டவனை?

கூடத்தில் ஊரே எதிர்த்தபோது உண்மையைச் சொன்னவன் அவன். இன்று வீடு தேடி வந்து உண்மையைச் சொன்னவனும் அவன். அந்த இரண்டு தடவையும் லாய்டிடமும் ஓர் உண்மை இருந்தது. ஒரு தடவை தொண்டையில், ஒரு தடவை மூடிய கண்ணுக்குள். தம்பி முந்துமுன் சொல்லத்தான் வரவில்லை. மானைக் கொடுத்துவிட்டான் தம்பி. அதைக் கொடுக்கத் தெரிந்த மனசை மட்டும் தன்னோடு எடுத்துக்கொண்டு போகிறானே!

வெண்டல் தொப்பியை எடுத்தான். கதவருகே போய் நின்றான். கிளம்பவில்லை. ஏதோ ஒரு வார்த்தைக்காக நிற்கிறான் என்பது நோரீனுக்குக்கூடப் புரிந்தது. அவள் புருஷனின் தோளை விரல் நுனியால் இடித்தாள்.

‘நீயும் வா. என்கூட லாரியில ஏறு. யாரு தடுக்கறான்னு பாக்கறேன்.’ அவ்வளவுதான். ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். லாய்டு எழுந்தான். ஒரு கையில் குண்டு, ஒரு கையில் துணி. வாயைத் திறந்தான்.

“பாலத்துக்கிட்ட ஐஸ் புடிச்சிருக்கும்” என்றான். “மெதுவாப் போ.”

வெண்டல் தலையாட்டினான். “நாளைக்கு நல்லாக் கெடைக்கட்டும், லாய்டு. கண்ணத் தெறந்து வச்சுக்க.” நோரீனைப் பார்த்து, “நூடுல்ஸ் அடிப்பிடிக்குது போல” என்றான்.

அவள் அடுப்புக்கு ஓடினாள். வெளியிலிருந்து குளிர் ஒரு வாய் உள்ளே வந்தது. வெண்டலின் வெட்டுப்பட்ட சட்டை, கோட்டுக்குக் கீழே பின்னால் தொங்கிக்கொண்டு போனது. கதவை அடித்துச் சாத்துவான் என்று லாய்டு காத்திருந்தான். அடித்துச் சாத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வெண்டல் கதவை மெதுவாகத்தான் சாத்தினான்.